பழைய ஸ்போர்ட்ஸ் கார்: ஒரிஜினலா, உங்கள் விருப்பமா?

பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் புதுப்பிக்கும்போது ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதை நாளைக்குக் கழற்றிவிட்டுப் பழையபடி மாட்ட முடியுமா? முடியும் என்றால் தாராளமாக உங்கள் இஷ்டப்படி செய்யலாம். ஸ்டீயரிங், சக்கரங்கள், சீட் உறை எல்லாம் இந்த வகைதான்.

ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில், மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்ட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் கிட் பொருத்துவதும் அப்படித்தான். வெளியே பார்த்தால் தெரியாது, அடிக்கடி பாயின்ட் இடைவெளியைச் சரிசெய்யும் வேலையும் மிச்சம். ஆனால் வாங்கும் முன் பேட்டரியின் எந்த முனை பாடியோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். 1962-ல் வந்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் ஆரம்ப கால கார்களில் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இருக்கும். முனை மாற்றி இணைத்தால் கிட் புகைந்துவிடும்.

பாடியை வெட்டுவது, சேசிஸ் எண்ணைத் தொடுவது, ஒரிஜினல் இன்ஜினை விற்றுவிடுவது, இவை மட்டும் வேண்டவே வேண்டாம். வேறு இன்ஜின் போட்டே ஆக வேண்டுமா? சரி, பழையதை எண்ணெய் தடவி மூடி வையுங்கள். தொழிற்சாலைப் பதிவோடு எண் பொருந்தும் இன்ஜின் போனால் காரின் மதிப்பும் கூடவே போகும்.

நிறம்தான் பெரிய சங்கடம். பிடித்த நிறம் அடிப்பதில் தப்பே இல்லை என்பது என் கட்சி. ஆனால் பழைய பெயின்ட்டைத் தேய்த்து எடுக்கும் முன் கார்பெட்டுக்கு அடியிலும் டாஷ்போர்டுக்குப் பின்னாலும் பாருங்கள், முதல் பெயின்ட் அங்கே ஒளிந்திருக்கும். படம் எடுத்து வையுங்கள். ஜாகுவார் என்றால், பழைய தொழிற்சாலைப் பதிவுகளைப் பார்த்துத் தரப்படும் ஹெரிடேஜ் சான்றிதழில் தொழிற்சாலை நிறமும் இன்ஜின் எண்ணும் கிடைக்கும். கழற்றிய பழைய பாகங்களுக்குச் சீட்டு ஒட்டிப் பெட்டியில் போடுங்கள். விற்கும்போது அந்தப் பெட்டியும் காரோடு போகட்டும்.