யூடியூப் தேடலில் மேலே வர எந்த டூலை எடுப்பது? முதலில் ஒரு கொப்பியை எடுங்கள்

வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடியின் நாலாம் மாடியில் ஒரு அக்கா இருக்கிறார். யாழ்ப்பாணத்துச் சமையலை வீடியோ எடுத்து யூடியூபில் போடுகிறார். நல்ல கைப்பக்குவம். குரக்கன் மாவைக் குழைத்து, கொத்தி, தேங்காய்ப்பூவோடு நீத்துப்பெட்டியில் போட்டு அவிக்கும் அவருடைய வீடியோவைப் பார்த்தால் யாருக்கும் பிட்டு சரியாக வரும். ஆனால் அந்த வீடியோவைத் தேடி வந்தவர்கள் மிகக் குறைவு. "தம்பி, ஏதாவது டூல் வாங்கினால் மேலே வருமோ?" என்று கேட்டார்.

வீடியோவின் தலைப்பைப் பார்த்தேன். "அம்மாவின் கைமணத்தில் சுவையான காலை உணவு" என்று இருந்தது. பிட்டு என்ற சொல்லும் இல்லை, குரக்கன் என்ற சொல்லும் இல்லை.

ஆட்கள் எந்தச் சொல்லைத் தேடுகிறார்கள் என்று காட்டும் டூல்கள் பயனுள்ளவைதான். ஆனால் பெரும்பாலான டூல்கள் ஆங்கிலத்தில் தேடுகிறவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. நம் பார்வையாளர் எந்தச் சொல்லைத் தட்டுகிறார் என்பது அந்த டூலுக்குத் தெரிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. அதைச் சோதித்துப் பார்க்காமல் காசு கட்டாதீர்கள். அக்காவோடு உட்கார்ந்து செய்ததை அதே வரிசையில் சொல்கிறேன்.

படி 1: சொற்களை எழுதுங்கள்

ஒரு கொப்பியும் பேனையும் எடுங்கள். உங்கள் வீடியோ எதைப் பற்றியதோ அதற்கு நீங்கள் சொல்லும் சொல்லை இடப்பக்கம் எழுதுங்கள். அதே பொருளுக்கு மற்றவர்கள் சொல்லும் சொற்களை வலப்பக்கம் எழுதுங்கள். இந்த ஒரு படிக்கு அரை மணித்தியாலமாவது கொடுங்கள், பின்னால் வருவதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

அக்காவின் கொப்பியில் இப்படி வந்தது. நாம் பிட்டு என்கிறோம், தமிழ்நாட்டில் புட்டு என்கிறார்கள். நமக்குக் குரக்கன், அங்கே கேழ்வரகு அல்லது ராகி. நமக்குக் கச்சான், அவர்களுக்கு நிலக்கடலை, வேர்க்கடலை. கறுவா அங்கே பட்டை. பெரியசீரகம் அங்கே சோம்பு. பாண் என்று தலைப்பில் போட்டால் சென்னையில் இருப்பவர் அதைத் தேடவே மாட்டார், அவருக்கு அது பிரெட்.

அடுத்தது எழுத்து. நம்மில் நிறையப் பேர் போனில் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். பிட்டு என்று தட்டும்போது இரண்டாவது எழுத்தாக ஐ போடுகிறவர்களும் உண்டு, யூ போடுகிறவர்களும் உண்டு. இரண்டையும் எழுதி வையுங்கள். இங்கே கொழும்பில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சிங்களத்திலும் அது பிட்டுதான். அதனால் ஐ போட்டுத் தேடினால் சிங்கள வீடியோக்களும் சேர்ந்து வரும். அங்கே நீங்கள் இரண்டு மொழிக்காரர்களோடு போட்டி போடுகிறீர்கள். தமிழ் எழுத்தில் தேடுகிறவர்கள் எண்ணிக்கையில் குறைவாக இருக்கலாம், ஆனால் அவர்கள் தேடுவது தமிழ் வீடியோவைத்தான்.

படி 2: யூடியூப் தேடல் பெட்டி

காசில்லாத முதல் டூல் இதுதான். குரோமில் இன்காக்னிட்டோ பக்கம் ஒன்றைத் திறந்து யூடியூபுக்குப் போங்கள். வழக்கமான பக்கத்தில் தேடினால் நீங்கள் முன்பு பார்த்தவை எல்லாம் உள்ளே நுழைந்துவிடும். கொப்பியில் உள்ள சொல்லை மெதுவாகத் தட்டுங்கள், முழுவதையும் ஒரேயடியாக ஒட்டாதீர்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே வரும் பரிந்துரைகள் மாறும். அவை மற்றவர்கள் தேடும் தேடல்களை வைத்து வருபவை. பயன்படும் வரிகளைக் கொப்பியில் குறியுங்கள்.

பிறகு யூடியூப் மெனுவில் இருப்பிடம் என்ற அமைப்பு இருக்கிறது. அதைக் கனடா, இந்தியா, பிரித்தானியா என்று மாற்றி, அதே சொல்லைத் திரும்பத் தட்டிப் பாருங்கள். நம் ஆட்கள் ஸ்காபரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருந்து பார்க்கிறார்கள். காலி வீதியில் கடை வைத்திருப்பவர் வேண்டுமானால் உள்ளூர்த் தேடலை மட்டும் பார்க்கலாம், சமையல் சேனலுக்கு அது போதாது.

படி 3: யூடியூப் ஸ்டூடியோ

இது சேனல் நடத்துபவருக்கு யூடியூபே தரும் நிர்வாகப் பக்கம். உங்களிடம் ஏற்கனவே பத்துப் பதினைந்து வீடியோக்கள் இருந்தால் இதைவிட நம்பகமான டூல் வேறு இல்லை. வெளி டூல்கள் மதிப்பீடு செய்கின்றன. ஸ்டூடியோ உங்கள் வீடியோவுக்கு உண்மையில் நடந்ததைச் சொல்கிறது.

அங்கே வீடியோ ஒன்றைத் திறந்து அனலிடிக்ஸ் (பார்வைக் கணக்கு) பகுதிக்குப் போங்கள். பார்வையாளர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்ற பட்டியலில் யூடியூப் தேடல் என்ற வரியை அழுத்துங்கள். எந்தச் சொல்லைத் தட்டி உங்களிடம் வந்தார்கள் என்று அது காட்டும். அந்தச் சொற்களை வேறு நிற மையில் கொப்பியில் எழுதுங்கள்.

பக்கத்திலேயே கிளிக் விகிதம் இருக்கும். நூறு பேர் கண்ணில் தம்ப்நெயில் (வீடியோவின் முகப்புப் படம்) பட்டால் எத்தனை பேர் அழுத்துகிறார்கள் என்பது. சேனல்களிலும் வீடியோக்களிலும் பாதிக்கு இது 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கிறது என்று யூடியூபே சொல்கிறது. உங்களுடையது 4 என்றால் மனம் தளர வேண்டாம்.

படி 4: கூகுள் ட்ரெண்ட்ஸ்

ஒரு சொல்லைத் தேடுவது காலப்போக்கில் எப்படிக் கூடிக் குறைகிறது என்று காட்டும் கூகுள் தளம் இது. இதுவும் இலவசம். சொல்லைக் கொடுத்த பிறகு மேலே வலைத் தேடல் என்று இருப்பதை யூடியூப் தேடல் என்று மாற்ற மறக்காதீர்கள். புதியவர்கள் வழமையாகத் தவறவிடுவது இதைத்தான். யூடியூப் தேடலுக்கு 2008 முதல் தரவு இருக்கிறது. ஒரே நேரத்தில் பல சொற்களை ஒப்பிடலாம்.

அங்கே வரும் 0 முதல் 100 வரையான எண், எத்தனை பேர் தேடினார்கள் என்ற கணக்கு இல்லை. தேடல் உச்சத்தில் இருந்த நேரத்தை 100 என்று வைத்து மற்றதை அதோடு ஒப்பிடுகிறார்கள். இலங்கை என்று மட்டும் தெரிவு செய்து தமிழ்ச் சொல் ஒன்றைக் கொடுத்தால், தரவு போதாது என்று வெறுமையாகவும் வரலாம். அப்போது உலகம் முழுவதும் என்று மாற்றிப் பாருங்கள்.

பண்டிகைக் காலங்களுக்கு ட்ரெண்ட்ஸ் மிகவும் உதவும். ஆடிக்கூழ், தைப்பொங்கல், நோன்புக் கஞ்சி போன்றவற்றின் கோடு எந்த வாரத்தில் ஏறத் தொடங்குகிறது என்று பழைய வருடங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே வீடியோவைப் போட்டுவிடுங்கள். ஆடிப்பிறப்பன்று காலையில் கூழ் வீடியோ போட்டால், தேடியவர்கள் அதற்குள் வேறொருவருடைய வீடியோவைப் பார்த்துக் கூழ் காய்ச்சி முடித்திருப்பார்கள்.

படி 5: காசு கட்டும் டூல்கள்

இந்த வேலைக்கென்றே உள்ளவற்றில் அதிகம் பேசப்படுபவை விட்ஐக்யூ, டியூப்படி இரண்டும். குரோமில் எக்ஸ்டென்ஷனாகச் சேர்த்தால் யூடியூப் பக்கத்திலேயே வேலை செய்யும். அடுத்தவர் வீடியோவின் டேக்குகளை (வீடியோ போடும்போது சேர்க்கும் குறிச்சொற்களை) காட்டும், ஒரு கீவேர்டுக்கு, அதாவது தேடும் சொல்லுக்கு, மதிப்பெண் போடும். இரண்டிலும் இலவசத் திட்டம் இருக்கிறது, அதில் தொடங்குங்கள். கூகுள் கீவேர்ட் பிளானரையும் சிலர் சொல்வார்கள். அது விளம்பரதாரர்களுக்காகக் கூகுள் தேடலின் எண்ணிக்கையைத் தருவது. யூடியூப் தேடல் எண்ணிக்கை என்று நினைத்து அதை நம்ப வேண்டாம்.

சோதனை இதுதான். கொப்பியில் இருந்து ஐந்து சொற்களை எடுங்கள்: தமிழ் எழுத்தில் இரண்டு, ஆங்கில எழுத்தில் இரண்டு, இலங்கையில் மட்டும் வழங்கும் சொல் ஒன்று. ஒவ்வொரு டூலிலும் ஐந்தையும் கொடுங்கள். தமிழ் எழுத்தை ஏற்கிறதா? எண் தருகிறதா, வெறுமையாக விடுகிறதா? ஸ்டூடியோவில் உங்களுக்கு உண்மையில் ஆட்களைக் கொண்டுவந்த ஒரு சொல்லுக்கு அந்த டூல் பூச்சியம் காட்டினால், தமிழில் அதன் கணக்கு மெலிந்தது என்று முடிவு செய்யலாம். ஐந்தில் மூன்றுக்காவது உருப்படியான பதில் வராத டூலுக்கு நான் காசு கட்ட மாட்டேன்.

இதை நான் காசு கொடுத்துத்தான் படித்தேன். ஒரு டூலுக்கு ஒரேயடியாக வருடச் சந்தா கட்டினேன், தள்ளுபடி கிடைத்தது என்ற சந்தோஷத்தில். ஆங்கிலச் சொற்களுக்கு அழகாகப் பட்டியல் வந்தது. குரக்கன் என்று கொடுத்தேன், கோடு கூட வரவில்லை. கடனட்டையில் டொலரில் கழிந்த காசு திரும்பி வரவே இல்லை. ஆகவே மாதச் சந்தா மட்டும் எடுங்கள், தானாகப் புதுப்பிப்பதை அன்றைக்கே நிறுத்தி வையுங்கள்.

டூல் போடும் 100க்கு இத்தனை என்ற மதிப்பெண் அந்த நிறுவனத்தின் சொந்தக் கணக்கு. யூடியூப் தருவது இல்லை. தேடலில் வீடியோவை வரிசைப்படுத்த, தேடிய சொல்லோடு எவ்வளவு பொருந்துகிறது, பார்ப்பவர்கள் அதை எவ்வளவு பார்க்கிறார்கள், தரம் எப்படி என்பவற்றைப் பார்ப்பதாகத்தான் யூடியூப் சொல்கிறது.

இந்த டூல்கள் உங்கள் சேனல் கணக்குக்குள் வர அனுமதி கேட்கும். எதற்கெல்லாம் கேட்கிறது என்று வாசித்துவிட்டுக் கொடுங்கள். டூலை நிறுத்தும்போது கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய் அந்த அனுமதியையும் நீக்குங்கள். வியூஸ், சப்ஸ்கிரைபர் விற்கிறோம் என்று வருபவர்கள் பக்கம் தலையே வைக்காதீர்கள். அது யூடியூப் விதிக்கு மாறானது, பட்ட பாடெல்லாம் ஒரே நாளில் போய்விடும்.

படி 6: கண்டதை வீடியோவில் போடுங்கள்

தலைப்புக்கு 100 எழுத்துதான் இடம். தமிழில் இது இன்னும் சுருங்கும். பிட்டு என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினி குறிகளையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால் அதற்கு ஆறு. போனில் நீண்ட தலைப்பு பாதியில் வெட்டுப்படும். ஆகவே முக்கியமான சொல் முன்னால் வரட்டும். அக்காவின் தலைப்பை "குரக்கன் பிட்டு செய்வது எப்படி | ராகி புட்டு" என்று மாற்றினோம்.

டேக்குகள் வீடியோவைக் கண்டுபிடிக்க மிகச் சிறிய அளவில்தான் உதவும் என்று யூடியூபே சொல்கிறது, எழுத்து மாற்றித் தட்டப்படும் சொற்களுக்கு உதவலாம் என்றும் சொல்கிறது. நம் பிட்டு, புட்டு சிக்கலுக்கு அது பொருத்தம். கொப்பியின் வலப்பக்கத்தை அங்கே போடுங்கள். வீடியோவின் கீழே வரும் விவரணத்தில் டேக்குகளைக் குவிக்காதீர்கள், அதற்கு விதியில் இடமில்லை. அங்கே ஆளோடு பேசுவதுபோல நாலு வரி எழுதி, வீடியோவில் எது எந்த நேரத்தில் வருகிறது என்ற நேரக் குறிகளைக் கொடுங்கள். முதல் குறி 0:00 என்று தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று வேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 வினாடிக்குக் குறையக்கூடாது.

படி 7: திகதி போட்டுக் காத்திருங்கள்

தலைப்பை மாற்றிய திகதியைக் கொப்பியில் எழுதுங்கள். அதே நாளில் தம்ப்நெயிலையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். ஸ்டூடியோ வழமையாக 28 நாள் கணக்கைத்தான் காட்டும், அதுவரை கை வைக்காதீர்கள்.

அக்காவின் வீடியோவை 28 நாள் கழித்துத் திறந்தோம். தேடல் சொற்களின் பட்டியலில் பிட்டு இருந்தது, புட்டும் இருந்தது. கீழே, நாங்கள் கொப்பியில் எழுதவே இல்லாத ஒரு வரி: கோதுமை மா அவிப்பது எப்படி. குரக்கன் பிட்டு வீடியோவுக்கு அதைத் தேடி வந்தவர்களுக்கு அங்கே பதில் இல்லை. "பிள்ளைகள் வெளிநாட்டில் இதைத்தான் தெரியாமல் நிற்கிறார்கள் போல" என்றார் அக்கா. அந்தச் சனிக்கிழமையே மா அவிப்பதை மட்டும் ஐந்து நிமிட வீடியோவாக எடுத்தார். அந்தத் தேடல் வரியையே எழுத்து மாற்றாமல் தலைப்பாக வைத்தோம்.