மூளைச்சாவு: ஹவுஸ் சர்ஜன்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான்குவழிச் சாலையில் அடிபட்டு, தலைக்காயத்தோடு பாளையங்கோட்டைக்கு வருகிறவர்களின் வீட்டார் ஐசியூ வாசலில் முதலில் பிடித்துக் கேட்பது ஹவுஸ் சர்ஜனை, அதாவது பயிற்சி மருத்துவரைத்தான். அவரும் அவசரத்தில், "மூளை செத்துடுச்சு, மெஷின்லதான் உயிர் இருக்கு" என்று சொல்லிவிடுவார். உயிர் இருக்கு என்று சொன்ன அதே வாயால் கிட்னியைத் தானமாகக் கேட்டால் யார் கொடுப்பார்கள்?

மூளைச்சாவு என்பது முற்றிய கோமா அல்ல. கோமாவில் இருப்பவர் மீளலாம். மூளைத்தண்டு முழுதாகச் செயலிழந்தால் மூச்சு தானாக வரவே வராது. 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி அது மரணம். "கை சூடா இருக்கு, நெஞ்சு துடிக்கி, செத்துட்டாம்னு சொல்லுதியளே" என்று தாய் கேட்டால், வென்டிலேட்டர் ஆக்சிஜன் தரும்வரை இதயம் தன் மின்தூண்டலால் கொஞ்ச காலம் துடிக்கும் என்று விளக்குங்கள். தண்டுவட அனிச்சையால் (மூளை சொல்லாமலே தண்டுவடம் செய்யும் அசைவு) கால்விரல் அசையலாம் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இதற்கு நேரெதிரான தவறு, அவசரப்பட்டு மூளைச்சாவு என்று முடிவு கட்டுவது. நம் பக்கத்தில் இதுதான் பெரிய ஆபத்து. தரையில் படுத்தவரைக் கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் தடமும் தெரியாது, வலியும் இராது. விடியும்போது இமை சரிந்து, கைகால் விழுந்து, மூச்சு நின்று கொண்டுவருவார்கள். லைட் அடித்தாலும் பாவை சுருங்காமல் போகலாம். அச்சு அசல் மூளைச்சாவுதான்! ஆனால் விஷம் பிடித்திருப்பது நரம்பும் தசையும் சேரும் இடத்தை. வென்டிலேட்டரில் வைத்துக் காத்திருந்தால் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவார். (அவருக்குக் காது கேட்டுக்கொண்டிருக்கும், கட்டிலருகே பேச்சைக் குறையுங்கள்.) ஆகவே காரணம் உறுதியாகாமல் சோதனையைத் தொடங்கக் கூடாது. தூக்க மருந்து, தசைதளர்த்தி, பூச்சிமருந்து, உடல் குளிர்ச்சி, ரத்தத்தில் உப்புக் கோளாறு எல்லாவற்றையும் விலக்கியாக வேண்டும்.

சரி, சோதனை? நான்கு மருத்துவர்கள், குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை. உறுப்பு மாற்றுக் குழுவைச் சேர்ந்தவர் அதில் இருக்கக் கூடாது. ஆப்னியா சோதனையில் (வென்டிலேட்டரை நிறுத்தி, மூச்சு தானாக வருகிறதா என்று பார்ப்பது) நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது. மூச்சு வராத நிலையில் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 60 mmHg-ஐ எட்டியதை ஏபிஜி (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) காட்ட வேண்டும்.

இறந்த செய்தியையும் தானப் பேச்சையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். முதலில் அழ விடுங்கள். அப்புறம் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் பேசட்டும். உறுப்பு தானம் செய்தவரின் உடலுக்கு என 2023-இல் தமிழக அரசு அறிவித்த அரசு மரியாதையைத் தூண்டில்போல் முதலில் நீட்டுவதும் அசிங்கம். விபத்து கேஸ் என்றால் போலீஸ் விசாரணை, பிரேதப் பரிசோதனை எல்லாம் உண்டு. உடம்பு கையில் கிடைக்க எவ்வளவு நேரமாகும் என்பதைச் சித்தப்பாவையோ தாய்மாமாவையோ தனியாகக் கூப்பிட்டு, சம்மதக் கையெழுத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.