எல்லாத்துக்கும் இன்கிரீஸ் தானா?

இங்கிலீஷ்ல பேசும்போது கூட்டறது, ஏத்தறது எல்லாத்துக்கும் இன்கிரீஸ்னே போடுறீங்களா, தப்பில்ல, ஆனா கேக்க ஆபீஸ் லெட்டர் மாதிரி இருக்கும். டிவி சத்தம்னா டர்ன் அப். விலை தானா ஏறுச்சுன்னா கோ அப், ஆளு ஏத்துனா புட் அப். உற்பத்திக்கு ராம்ப் அப்.

எல்லாரும் சறுக்குற இடம் ரைஸும் (rise) ரெய்ஸும் (raise) தான்: ரைஸ்னா தானா ஏறுறது, ரோஸ், ரிஸன்னு மாறும், பின்னாடி ஆப்ஜெக்ட் வராது, ரெய்ஸ்னா யாரோ ஏத்துறது, எதைன்னு சொல்லியே ஆகணும், பாஸ்ட்ல சும்மா ரெய்ஸ்ட். ‘தே ரோஸ் தி ரென்ட்’னு நானே மெயில் அனுப்பிருக்கேன் (ரெய்ஸ்ட்னு வரணும், மானம் போச்சு).

அப்புறம் டர்ன் இட் அப் தான், டர்ன் அப் இட்னு வராது, இட், தெம் எல்லாம் எப்பவும் நடுவுல.