வீடியோவைச் சுருக்கும்போது எந்த பிட்ரேட் முறை? குடியாத்தம் சிரசு ஊர்வலத்தை வைத்துப் பார்ப்போம்

வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம், அதாவது அம்மனின் தலையை ஏந்திச் செல்லும் திருவிழா. கூட்டம், சிதறும் தேங்காய், பறக்கும் பூக்கள் என்று ஒவ்வொரு ஃபிரேமிலும் எல்லாமே மாறிக்கொண்டிருக்கும். அதே கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி வேலூர் கோட்டை அகழியை எடுத்தால், ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் பெரிதாக வித்தியாசம் இருக்காது. மாற்றம் குறைந்தால் கொஞ்சம் பிட்டே போதும். ஒரு நொடிக்கு எத்தனை பிட் செலவாகிறதோ அதுதான் பிட்ரேட். இரண்டு காட்சிக்கும் ஒரே அளவு கொடுப்பது சிபிஆர். தேவையைப் பார்த்துக் கூட்டிக் குறைப்பது விபிஆர்.

படி 1: உங்களுக்கு எது மாறக்கூடாது என்று முடிவு செய்யுங்கள். படத்தின் தரமா, ஃபைல் அளவா, நெட் வேகமா? முறை இதிலேயே தெரிந்துவிடும்.

படி 2: தரம்தான் முக்கியம் என்றால் சிஆர்எஃப், அதாவது தரத்தை ஒரு எண்ணால் சொல்லிவிட்டு, பிட்ரேட்டை மென்பொருளே முடிவு செய்ய விடும் முறை. வீட்டில் சேமித்து வைக்கும் வீடியோவுக்குப் பெரும்பாலும் இதுதான் சரி. இலவச மென்பொருளான ஹேண்ட்பிரேக்கைத் திறந்து, 'வீடியோ' பகுதியில் எக்ஸ்264 என்கோடரையும் (வீடியோவைச் சுருக்கும் நிரல்) 'கான்ஸ்டன்ட் குவாலிட்டி'யையும் தேர்ந்தெடுங்கள். அந்தத் தர எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். 1080பி வீடியோவுக்கு 20 முதல் 24 வரை நல்ல எல்லை, 22-இல் தொடங்குங்கள். 6 எண் குறைத்தால் ஃபைல் ஏறக்குறைய இரண்டு மடங்காகும்.

முழு வீடியோவையும் உடனே ஓட விடாதீர்கள். கூட்டம் மிக நெருக்கமாக இருக்கும் 30 நொடியை மட்டும் எடுத்துச் சோதியுங்கள். அங்கே முகங்கள் கட்டம் கட்டமாக உடையவில்லை என்றால் மற்ற இடங்களைப் பற்றிக் கவலையே வேண்டாம். அகழிக் காட்சியில் சோதித்தால் எந்த எண்ணும் நன்றாகத்தான் தெரியும்!

இருட்டில் மொபைலில் எடுத்தது என்றால் ஒரு எச்சரிக்கை. படத்தில் மின்னும் புள்ளிகள் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுவதால் என்கோடர் அவற்றையும் அசைவாகவே எடுத்துக்கொண்டு பிட்டைக் கொட்டும். 'டீனாய்ஸ்' ஃபில்டரை லேசாகப் போட்டால் ஃபைல் நன்றாகவே இறங்கும்.

படி 3: அளவு கட்டாயம் என்றால் இரண்டு பாஸ் விபிஆர். உதாரணமாக, ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட்டில் உள்ள பென் டிரைவில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 3 மணி நேர வீடியோவை 3800 எம்பிக்குள் அடக்கக் கணக்கு இதுதான்: 3800 × 8000 ÷ 10800 நொடி = சுமார் 2815 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட்; 1 எம்பி என்பது 8000 கிலோபிட்). ஆடியோவுக்கு 160 கழித்து 2650 போடுங்கள். 'ஆவரேஜ் பிட்ரேட்'டில் அந்த எண்ணைக் கொடுத்து 'மல்டி பாஸ்' டிக் செய்யுங்கள். முதல் பாஸில் எங்கே அசைவு அதிகம் என்று கணித்து, இரண்டாவதில் அதற்கேற்பப் பிட்டைப் பங்கிடும். நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

படி 4: நேரலைக்கு மட்டும் சிபிஆர். விபிஆரில் பிட்ரேட் திடீரென்று எகிறினால் லைன் தாங்காது. நேரலை மென்பொருளான ஓபிஎஸ்ஸில் சிபிஆர் வைத்து, கீஃபிரேம் (மற்ற ஃபிரேம்களைச் சாராமல் முழுப் படமாகவே பதிவாகும் ஃபிரேம்) இடைவெளியை 2 நொடியாக்குங்கள். பிட்ரேட் உங்கள் அப்லோடு வேகத்தில் பாதியளவு இருக்கட்டும். அந்த வேகத்தை முந்தின நாள் வீட்டிலிருந்து அளக்காதீர்கள். கூட்டம் கூடியதும் மொபைல் நெட் இறங்கிவிடும். ஊர்வலப் பாதையிலேயே, ஜனம் சேர்ந்த பிறகு அளந்து அந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.