கம்பெனிக்கு போற நம்ம வரிப்பணத்துக்கு கணக்கு கேக்கறது எப்படி (வேலூர், ராணிப்பேட்டை மக்களுக்கு)

பனப்பாக்கத்துல டாடா மோட்டார்ஸ் கார் ஃபேக்டரிக்கு 2024 செப்டம்பர்ல அடிக்கல் நாட்டினாங்க, 9,000 கோடி முதலீடுன்னு பேப்பர் பூரா வந்துச்சு. நம்ம பசங்களுக்கு வேலை கிடைச்சா சந்தோஷம்தான். ஆனா எந்த கம்பெனி வந்தாலும் முதலீட்டு தொகை மட்டும்தான் பெருசா காதுல விழுது, பதிலுக்கு அரசாங்கம் என்னென்ன விட்டுக்குடுத்துச்சுன்னு கேட்டா ஊர்ல ஒருத்தருக்கும் தெரியல.

சலுகைன்னா நேரா காசு குடுக்கறது மட்டும் இல்லைங்க. முதலீட்டு மானியம், கட்டின மாநில ஜிஎஸ்டிய திருப்பித் தர்றது, மின்சார வரி விலக்கு, முத்திரைத்தாள் கட்டண சலுகை, சிப்காட் (தொழிற்பேட்டை நடத்தற மாநில அரசு நிறுவனம்) நிலத்த 99 வருஷ குத்தகைக்கு விலை கொறச்சு குடுக்கறதுன்னு பல ரூபத்துல போகும். பெரிய முதலீடுன்னா தனி பேக்கேஜ், அதுக்கு அரசாணை இருக்கும். அந்த அரசாணை நம்பர் கைக்கு வந்துட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

பேக்கேஜ் பத்தி தலைமைச் செயலகத்துல தொழில் துறைக்கு, நிலம் பத்தி சிப்காட்டுக்கு, சின்ன யூனிட் மானியம்னா மாவட்ட தொழில் மையத்துக்கு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடுங்க. ஆபீஸ் மாறிப் போனாலும் அந்த சட்டத்தோட பிரிவு 6(3) படி அவங்களே 5 நாளுக்குள்ள சரியான இடத்துக்கு அனுப்பணும். வெள்ளைத்தாள்ல எழுதி 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினா போதும், எதுக்கு கேக்கறன்னு காரணம் சொல்லவே வேணாம்.

எப்படி எழுதறோங்கறதுதான் முக்கியம். நான் மொதல்ல போட்ட மனுல "இந்த கம்பெனிக்கு ஏன் இவ்ளோ மானியம் குடுத்தீங்க"ன்னு எழுதிட்டேன், "விளக்கம் அளிக்க சட்டத்தில் இடமில்லை"ன்னு ஒரே வரில பதில் வந்துச்சு, ஒரு மாசம் வீணா போச்சு. ஏன், எதுக்குன்னு கேக்காதீங்க, ஃபைல்ல இருக்கற காகிதத்த கேளுங்க. ரெண்டாவது தடவ இப்படி எழுதினேன்:

"சலுகை வழங்கிய அரசாணையின் எண், தேதி, நகல். 2021-22 முதல் ஆண்டுவாரியாக, தலைப்புவாரியாக வழங்கப்பட்ட தொகை. நிபந்தனையில் உள்ள வேலைவாய்ப்பு எண்ணிக்கை. அதைச் சரிபார்த்த ஆய்வறிக்கையின் நகல்."

கடைசி வரிய மட்டும் விட்றாதீங்க, சரிபார்த்த அறிக்கையே இல்லன்னு பதில் வந்தா அதுவே பெரிய தகவல்.

"வணிக ரகசியம்"னு 8(1)(டி) பிரிவ காட்டி மறுப்பாங்க, எனக்கும் அதான் நடந்துச்சு. பயப்படாதீங்க. மானியத் திட்டத்துல எவ்ளோ ஒதுக்கினாங்க, பயனாளி யாருன்னு யாரும் கேக்காமலே அரசாங்கம் வெளியிடணும்னு பிரிவு 4(1)(பி) சொல்லுது, பொதுநலன் பெருசுன்னா ரகசியத்தையும் குடுக்கலாம்னு அந்த 8(1)(டி)லயே இருக்கு, கம்பெனி ஆட்சேபணை சொன்னாலும் முடிவு எடுக்கறது அதிகாரிதான். இத அப்படியே அதே துறையோட மேல் அதிகாரிக்கு போடற முதல் மேல்முறையீட்டுல எழுதுங்க, அதுக்கு ஃபீஸ் கிடையாது.

பதில் வர்ற வரைக்கும் சும்மா இருக்காதீங்க. கம்பெனி ஆண்டறிக்கைல கணக்குக் குறிப்புகள் பக்கத்துல அரசு மானியம்னு ஒரு வரி இருக்கும். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் இணையதளத்துல சுற்றுச்சூழல் அனுமதிக்கு குடுத்த அறிக்கைல எத்தன பேருக்கு வேலைன்னு எழுதியிருப்பாங்க, அத அரசாணைல இருக்கற எண்ணிக்கையோட ஒப்பிடுங்க, ரெண்டும் வேற வேறயா இருந்தா அடுத்த ஆர்டிஐக்கு கேள்வி ரெடி. பிஎஃப் கணக்க வச்சும் ஆள் எண்ணிக்கை பாக்கலாம், ஆனா கான்ட்ராக்ட் ஆளுங்க வேற பிஎஃப் கோட் நம்பர்ல இருப்பாங்க, வெளியூர் கிளை ஆளுங்களும் சேந்திருக்கலாம், அதனால அத மட்டும் வச்சு யார் மேலயும் குத்தம் சொல்லிடாதீங்க.

இவ்ளோ மெனக்கெடணுமான்னு கேக்கறவங்க ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு தடவ போய் பாருங்க. 1990கள்ல மூடின குரோமேட் ஃபேக்டரி விட்டுட்டுப் போன கழிவு லட்சக்கணக்கான டன், நிலத்தடி தண்ணி வரைக்கும் குரோமியம் எறங்கிடுச்சு. கம்பெனி போயிடுச்சு, சுத்தம் பண்ற பாரம் அரசாங்கம் தலைல, அதாவது நம்ம தலைல.

கிராம சபை வருஷத்துக்கு 6 தடவ நடக்குது, ஊராட்சி எல்லைல இருக்கற ஃபேக்டரி சொத்துவரி எவ்ளோ கட்டுச்சுன்னு அங்க கேட்டு தீர்மான புத்தகத்துல ஏத்துங்க.

தேதி விஷயத்துல கவனம். மனு போய் சேந்து 30 நாள்ல பதில் வரலன்னா அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு, அங்கயும் சரியா வரலன்னா 90 நாளுக்குள்ள சென்னைல இருக்கற மாநில தகவல் ஆணையத்துக்கு ரெண்டாவது மேல்முறையீடு. போஸ்ட் ரசீது, ஒப்புகை அட்டை, பதில் வந்த கவர், எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல வைங்க. கவர்ல இருக்கற தபால் முத்திரை தேதிதான் விசாரணைல எனக்கு கை குடுத்துச்சு.