உப்பு கரையும்போது தண்ணீர் சூடாகுமா, குளிருமா? அளந்து பார்க்கும் முறை

ஓர் உப்பைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் தண்ணீர் சில சமயம் சூடாகும், சில சமயம் குளிரும். எந்த உப்பு எப்படி என்று மனப்பாடம் செய்வதைவிட, ஒருமுறை கையால் அளந்து பார்ப்பது எவ்வளவோ மேல்.

தேவையானவை: மூடியுள்ள தெர்மாகோல் கப் இரண்டு, வெப்பமானி, தராசு, பொட்டாசியம் குளோரைடு, நீரற்ற கால்சியம் குளோரைடு, கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி. கண்ணாடிக் குவளை வேண்டாம், வெப்பம் அதன் வழியே போய்விடும்.

படி 1: கப்பில் 100 மி.லி. தண்ணீர் ஊற்றுங்கள். வெப்பமானியின் அளவு நிலைத்ததும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: 7.45 கிராம் பொட்டாசியம் குளோரைடை, அதாவது 0.1 மோலை (மோல் என்பது துகள்களின் எண்ணிக்கையை அளக்கும் அலகு), ஒரே தடவையில் கொட்டி, மூடி, கலக்குங்கள். வெப்பநிலை இறங்கும். எவ்வளவு கீழே போகிறதோ அதுதான் நமக்கு வேண்டிய அளவு. அடியில் துகள் தங்கியிருந்தால் கணக்கு சரியாக வராது.

படி 3: இப்போது கணக்கு. கரைசலின் நிறை, தன்வெப்பம் (ஒரு கிராமை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம், தண்ணீருக்கு 4.18 ஜூல்), வெப்பநிலை மாற்றம் மூன்றையும் பெருக்க வேண்டும். 3.8 டிகிரி இறங்கியது என்று வையுங்கள்:

107.45 × 4.18 × 3.8 = சுமார் 1,707 ஜூல்

0.1 மோலுக்கு 1.7 கிலோஜூல் என்றால், ஒரு மோலுக்குச் சுமார் 17. ஏற்கப்பட்ட மதிப்பு +17.2 கிலோஜூல். தெர்மாகோல் கப்பை வைத்து இவ்வளவு நெருங்க முடிவது உண்மையிலேயே அழகு! தண்ணீருடைய தன்வெப்பத்தையே கரைசலுக்கும் எடுத்துக்கொண்டோம். தொடக்கத்துக்கு அது போதும்.

தண்ணீர் குளிர்ந்தால் கழித்தல் குறிதானே வர வேண்டும் என்று பலர் தடுமாறுவது இங்கேதான். தண்ணீர் இழந்த வெப்பத்தைக் கரைதல் எடுத்துக்கொண்டது. கணக்கு கரைதலுக்கு, அதனால் கூட்டல் குறி.

சரி, ஏன் இப்படி நடக்கிறது? கரையும்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன. படிகத்தில் இறுகப் பிணைந்திருக்கும் அயனிகளை, அதாவது மின்சுமை கொண்ட துகள்களை, பிரிக்க ஆற்றல் செலவாகிறது. பிரிந்த அயனிகளை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்ளும்போது ஆற்றல் வெளிவருகிறது. சாதாரண உப்பான சோடியம் குளோரைடில் முதலாவது மோலுக்குச் சுமார் 787 கிலோஜூல், இரண்டாவது சுமார் 783. இத்தனை பெரிய எண்களில் மிஞ்சும் வித்தியாசம் வெறும் 4! அதனால்தான் அந்த உப்பைக் கரைக்கும்போது குளிர்ச்சி கைக்குத் தெரிவதில்லை. ஆற்றல் கணக்கில் நஷ்டம் இருந்தும் அது கரைகிறதே என்றால், ஒழுங்காக அடுக்கியிருந்த அயனிகள் கரைசல் முழுக்கப் பரவுவதால் என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, கூடுகிறது. அந்த ஆதாயம் நஷ்டத்தை ஈடுகட்டிவிடுகிறது.

படி 4: அடுத்த கப்பிலும் 100 மி.லி. தண்ணீர் எடுத்து, 11.1 கிராம் நீரற்ற கால்சியம் குளோரைடைப் போடுங்கள். இதுவும் 0.1 மோல்தான். வெப்பநிலை 15 டிகிரிக்கு மேல் ஏறும். கால்சியம் அயனி இரட்டை மின்சுமை கொண்டது, அளவிலும் சிறியது. நீர் மூலக்கூறுகளை வலுவாக ஈர்ப்பதால் வெளிவரும் ஆற்றல் செலவை மிஞ்சிவிடுகிறது. மோலுக்கு ஏறத்தாழ 81 கிலோஜூல் வெளியேறும்.

வாங்கும்போது ‘நீரற்ற’ என்ற சொல்லைக் கட்டாயம் பாருங்கள். ஆறு நீர் மூலக்கூறுகளோடு வரும் கால்சியம் குளோரைடு கரைந்தால் தண்ணீர் குளிரும். படிகத்துக்குள்ளேயே நீர் சேர்ந்துவிட்டதால், வெளிவர வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதி முன்பே போய்விட்டது. நீரற்ற உப்பும் காற்றின் ஈரத்தை வேகமாக உறிஞ்சும். எடை போட்டதும் டப்பாவை இறுக மூடிவிடுங்கள்.