பொக்லைன் தார்ச்சாலையில் ஏறும்போது செய்யும் தவறுகள்

ஒரு சைட்டில் வேலை முடிந்து பொக்லைன் அடுத்த சைட்டுக்குப் போக வேண்டும். நடுவில் அரை கிலோமீட்டர் தார்ச்சாலை. "இது என்ன வண்டியா, மெஷின்தானே" என்று கிளப்பி விடுகிறார்கள். முக்கால்வாசி வம்பு இந்த நினைப்பில்தான் தொடங்குகிறது.

மண் தோண்டும்போது அது மெஷின்தான். சாலையில் ஏறினால் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணுக்கு அது வண்டி. டயர் பொக்லைன், லோடர், மொபைல் கிரேன், ரோலர் எல்லாம் 'கட்டுமான உபகரண வாகனம்' என்று மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கின்றன. சாலையில் குறுகிய நேரம்தான் ஓட வேண்டும், வேகம் 50 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. பொக்லைனும் ரோடு ரோலரும் மோட்டார் வாகனமே என்று உச்ச நீதிமன்றம் 2001-லேயே ஒரு கேரள வழக்கில் சொல்லிவிட்டது. ஆலை வளாகத்துக்குள் மட்டும் ஓடுவதற்கென்றே செய்த வண்டிக்கு விலக்கு உண்டு. ஆனால் பொதுமக்கள் போய்வர உரிமையுள்ள எந்த இடமும் பொது இடம்தான். ஊர் மண்பாதையும் அதில் சேர்த்தி.

அடுத்து லைசென்ஸ். பத்து வருஷம் கை பழகிய ஆபரேட்டர் என்பது சைட்டில் செல்லும், ரோட்டில் செல்லாது. லைசென்ஸ் இல்லாதவரிடம் சாவி கொடுத்தால் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விழலாம். ஓட்டியவருக்குத் தனி வழக்கு. கார் லைசென்ஸ் போதும் என்றும் இருந்துவிடக் கூடாது. கார் லைசென்ஸ் செல்லும் இலகுரக வாகனத்தின் எடை வரம்பு 7,500 கிலோ. டயர் பொக்லைன்கள் பல இந்த வரம்பை ஒட்டியே நிற்கும் என்பதால், ஆர்.சி.யில் உள்ள எடையையும் லைசென்ஸில் பதிவான வகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அபராதத்தைக் கட்டிவிட்டுப் போய்விடலாம். ஆளைக் குடிக்கும் விஷயம் இன்சூரன்ஸ். மெஷினுக்கு எடுத்த பாலிசி மெஷின் உடைந்தால் பணம் தரும். சாலையில் அடிபட்டவருக்கு நஷ்டஈடு தர, மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் நபர் காப்பீடு தனியாக வேண்டும். பாலிசி இருந்தும் ஆபரேட்டருக்கு லைசென்ஸ் இல்லையா? காப்பீட்டு நிறுவனம் முதலில் கட்டட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றம் சொல்வது வழக்கம். அந்தத் தொகை சில நேரம் பொக்லைன் விலையைவிடப் பெரிதாக இருக்கும்.

பழைய மெஷினை விற்றவர்களுக்கு இன்னொரு பள்ளம் இருக்கிறது. பணம் வாங்கியாயிற்று, வண்டியும் போயாயிற்று, ஆர்.சி. மட்டும் உங்கள் பெயரிலேயே கிடக்கிறது. விபத்து நடந்தால் பதிவில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். வாங்கியவர் மாற்றிக்கொள்வார் என்று சும்மா இருப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

டயருக்குப் பதில் இரும்புப் பட்டையில் ஓடும் செயின் வண்டியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. டிரெய்லரில் ஏற்றுங்கள்.

கிளம்பும் முன் வண்டியையும் ஒரு சுற்று பார்க்க வேண்டும். பின்பக்கப் பூமுக்கு (தோண்டும் கைக்கு) லாக் போட்டிருக்கிறதா, ஊன்றுகால்கள் முழுசாக ஏறியிருக்கின்றனவா, முன் பக்கெட்டில் யாரும் உட்கார்ந்திருக்கிறார்களா (உட்கார்ந்திருப்பார்கள்). டயர் பொக்லைனில் இடது வலது சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் பெடல் இருக்கும். சைட்டில் சட்டென்று திரும்ப வசதி. ரோட்டில் இரண்டையும் கொக்கி போட்டு இணைக்காமல் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். அகலம் 2.6 மீட்டரைத் தாண்டினால், தாண்டிய பகுதியில் மஞ்சள் கறுப்புப் பட்டை அடித்து, இரவில் முன்னும் பின்னும் சிவப்பு விளக்கு வைக்க வேண்டும். அகலம் 3 மீட்டருக்கு மேல் போகவே கூடாது.